நீலக் கானில் மிஞ்சியது

எஞ்சின் நன்றாக ஆறும்வரை றொமேஷ் காத்திருந்தான். யாழ்ப்பாணம் போய்த் திரும்பிய கார் வேப்பமர நிழலில் முக்கால் மணித்தியாலமாக நின்றது. றேடியேற்றர் மூடியின்மேல் பழந்துணியைப் போட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. சூட்டோடு அந்த மூடியைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவனுடைய இடது முழங்கையில் போன கிழமைதான் ஓர் அடையாளம் விழுந்திருந்தது. மெல்லத் திருகித் திறந்தான். உள்ளே பச்சை நீர் விளிம்பிலிருந்து இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

அதைக் கண்டு அவன் பயப்படவில்லை. இப்படித்தான் இறங்கும் என்று வேலணையில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கும் ஜெயரூபன் சொல்லியிருந்தான். புதிதாக நிரப்பும்போது எஞ்சினின் மூலைகளில் காற்று அடைபட்டுக் கிடக்கும். முதல் ஓட்டத்தில் சூடேறி, நீர் சுற்றத் தொடங்கியதும் அந்தக் காற்று மேலே கிளம்பி வெளியேறிவிடும். அது இருந்த இடத்துக்கு நீர் இறங்கும். இறங்கிய அளவுக்கு, முன்பு கலந்த அதே கலவையை விடவேண்டும். வெறும் தண்ணீரை விட்டால் கலவையின் பலம் குறைந்துபோகும். கலவை மிச்சம் இருந்தது. இரண்டு லீற்றருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். நேற்று நீலப் பிளாஸ்ரிக் கானில் ஊற்றிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

கான் அங்கே இல்லை.

கூட்டுக்குப் பின்னால் பார்த்தான். வலை கிடந்த கொட்டிலுக்குள் பார்த்தான். குனிந்து நிமிர்ந்ததில் தலை கிறுகிறுத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். அப்போதுதான், இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, குடிதண்ணீர்ப் பவுசர் லொறி வருகிற நாள் என்பது நினைவுக்கு வந்தது.

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ற் ஏன் குடிதண்ணீர்க் கானுக்குள் போனது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அது சோம்பலால் வந்த பிழை அல்ல. கவனம் கூடியதால் வந்த பிழை.

றொமேஷ் கடலில் வளர்ந்தவன். பதினாறு வயதிலிருந்து படகு எஞ்சினோடு பழகியவன். படகு எஞ்சின் தன் சூட்டைத் தணிக்கக் கடலையே குடிக்கிறது. கீழே ஒரு வாயால் உப்புத் தண்ணீரை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோய், பின்பக்கத்துச் சின்னத் துவாரத்தால் பீய்ச்சிவிடும். உள்ளே போகும் தண்ணீர் ஒரு சுற்றோடு வெளியேறிவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நிறைந்த பரலுக்குள் எஞ்சினின் வாலை இறக்கி ஐந்து நிமிடம் ஓடவிட்டால் உப்புக் கழுவப்பட்டுவிடும். ஆகவே மூன்று வருடத்துக்கு முன் வாடகைக்கு ஓடுவதற்கென்று பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியபோது, றேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் வீட்டுக் கிணற்றில் அள்ளி விட்டான். நாரந்தனைக் கரையில் கிணறுகள் பெரும்பாலும் சவர், உப்புக் கரிக்கும். சவரானால் என்ன, கடலைக் குடிக்கிற எஞ்சின்களையே கண்டவன் அவன்.

ஆனால் காருக்குள் தண்ணீர் வெளியேறுவதில்லை. அதே நான்கு லீற்றர்தான் எஞ்சினுக்குள் போய்ச் சூட்டை வாங்கி, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் வந்து காற்றுக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிட்டு, திரும்பவும் எஞ்சினுக்குள் போகும். நாளுக்கு ஆயிரம் தடவை. இடையில் கொஞ்சம் ஆவியாகும். ஆவி போனாலும் உப்புப் போகாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சவர்த் தண்ணீர், இன்னும் கொஞ்சம் உப்பு. மூன்று வருடத்தில் அந்தக் குழாய்கள் உள்ளுக்குள் வெள்ளையாகத் தடித்து ஊசி ஓட்டையாகிவிட்டன. போன கிழமை மண்கும்பான் தாண்டிக் கடலுக்கு நடுவே போகும் றோட்டில் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, மூடியைத் திறந்தவனின் கையில் கொதிநீர் பாய்ந்தது.

ஜெயரூபன் றேடியேற்றரின் அடிமூடியைக் கழற்றியபோது முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. பிறகு முட்டைக்கோது மாதிரி வெள்ளைச் சில்லுகள் விழுந்தன.

"அண்ணை, இது றேடியேற்றரோ உப்பளமோ?" என்று கேட்டான்.

"பகிடியை விடும். கூலன்ற் எண்டுறீர், அது பனிநாட்டுச் சாமான் எல்லோ. இஞ்சை என்ன உறையப்போகுது?"

"உறையாமல் வைக்கிறது ஒரு வேலை. கொதிக்க விடாமல் வைக்கிறது மற்ற வேலை. துருப் பிடிக்க விடாமல் வைக்கிறதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. பாதிக்குப் பாதி கலவுங்கோ. தனியக் கூலன்ற் விட்டா அது தண்ணி மாதிரிச் சூட்டைத் தூக்காது. கலக்கிற தண்ணி பற்றறிக்கு விடுற தண்ணியா இருக்கோணும், அதிலை உப்பே இல்லை. கலக்கிற ஏனத்திலை ஒரு சொட்டு எண்ணெயோ உப்போ இருக்கப்படாது."

காசை வாங்கிக்கொண்டு திரும்பியவன் மறுபடி வந்தான்.

"இன்னுமொண்டு. இது இனிக்கும் அண்ணை. என்ரை கராச் நாய் நிலத்திலை சிந்தினதை நக்கிப்போட்டு வெறிகாரன் மாதிரித் தள்ளாடித் திரிஞ்சுது. சிரிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தம். பிறகு எழும்பி நல்லா இருந்த மாதிரித்தான் கிடந்தது. மூண்டாம் நாள் செத்துப்போச்சுது. மூத்திரம் நிண்டு போச்சாம். உங்கடை சின்னவள் இருக்கிறாள், பூட்டி வையுங்கோ."

திங்கட்கிழமை பின்னேரம் றொமேஷ் கலவை செய்யக் கான் தேடினான். கடற்காரன் வீட்டில் கானுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்று பெற்றோல் பட்டது, ஒன்று மண்ணெண்ணெய் பட்டது, மற்றவை உப்புத் தண்ணீர் கண்டவை. எண்ணெயும் உப்பும் படாத ஏனம் அந்த வளவுக்குள் எது என்று யோசித்தால், குடிதண்ணீருக்கு வைத்திருக்கும் இரண்டு நீலக் கான்கள்தான். இரண்டிலும் அவனுடைய படகின் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு. சந்தியில் வரிசையாக வைக்கும்போது ஆருடைய கான் என்று தெரிவதற்கு எல்லா வீட்டுக் கானிலும் அந்தந்தப் படகின் நிறம் இருக்கும். ஒன்று வெறுமையாக இருந்தது. மூன்று லீற்றர் கூலன்ற், மூன்று லீற்றர் பற்றறித் தண்ணீர். எஞ்சின் நான்குக்கும் குறைவாகத்தான் குடித்தது. மிச்சக் கானில் 'நஞ்சு' என்று துண்டு எழுதி ஒட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சுருவில் ஊர் அம்பலவாணரின் வாடகை அழைப்பு வந்தது: நாளைக்கு விடிய ஆறு மணிக்கு யாழ்ப்பாணம், கண் கிளினிக். பெற்றோல் அடிக்கப் போனான். துண்டை மறந்தான்.

இப்போது குசினிக்குள் ஓடினான். மூலையில் ஒரு நீலக் கான் நிறைந்து நின்றது. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றில் சாய்த்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். கோப்பையின் அடி பளிச்சென்று தெரிந்தது. பச்சையே இல்லை.

அப்படியென்றால் மற்றக் கான்.

மனைவி மேரிசுகந்தி மீனவர் சங்கத்தில் ஐஸ் அறை வேலைக்குப் போயிருந்தாள். போன் அடித்து அடித்து நின்றது. வேலை நேரத்தில் போன் சாப்பாட்டுப் பைக்குள் கிடக்கும். வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி மாமி எட்டிப் பார்த்தார்.

"என்னடா தம்பி, கோழி காணேல்லையோ?"

"மாமி, நீலக் கான் ரெண்டையும் ஆர் எடுத்தது?"

"சுகந்திதான். பவுசர் இண்டைக்கு அஞ்சரைக்கே வந்திட்டுது. நீ கிணத்தடியிலை குளிச்சுக்கொண்டு நிண்டாய். நான்தான் அவளுக்கு ரெண்டையும் நிரப்பப் பிடிச்சனான்."

"ஒண்டுக்குள்ளை ஏதும் கிடந்ததோ?"

"அடியிலை கொஞ்சம் மிச்சத் தண்ணி கிடந்தது. இருட்டு எல்லே. ஊத்தட்டோ எண்டு கேட்டன். நல்ல தண்ணியை ஆரும் ஊத்துவினமோ மாமி, மேலாலை பிடியுங்கோ எண்டாள்."

கிழமைக்கு இரண்டு தடவை பவுசர் வருகிற கரையில் நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்ற ஆருக்கும் கை வராது. றொமேஷுக்கும் வந்திராது.

"மற்றக் கான் எங்கை மாமி?"

"என்னடா கேள்வி. இந்தக் கிழமை உங்கடை முறையெல்லோ. நேசறிக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டுத்தான் வேலைக்குப் போனவள்."

கோயிலடி முன்பள்ளியில் பதினெட்டுப் பிள்ளைகள். அவனுடைய நாலு வயது ஷரோமியும் அதில் ஒருத்தி. வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர்க் கான் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீரில் ரீச்சர் இலைக்கஞ்சி காய்ச்சி ஒன்பதரைக்குக் கொடுப்பார். நேரம் இப்போது பதினொன்று.

றேடியேற்றர் மூடியைத் திருகிப் பூட்டிவிட்டுக் காரை எடுத்தான். படலை மரத்தில் பக்கக் கண்ணாடி உரசி மடங்கியது. படகிலும் காரிலுமாக இருபது வருடம் எதையும் உரசாதவன். நின்று பார்க்கவில்லை. கொதிக்கவைத்த கஞ்சிதானே, கொதியில் போயிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது செத்தது. எஞ்சின் கொதிக்காமல் இருப்பதற்கென்றே விடுகிற சாமான் அது. தண்ணீர் நூறு பாகையில் ஆவியாகும். கூலன்ற்றில் இருக்கும் இனிப்பு அதற்கு மேல் இன்னும் நூறு பாகை அளவுக்கு ஏறாமல் கொதிக்காது. கஞ்சிப் பானையிலிருந்து ஆவியாகிப் போவது நல்ல தண்ணீர். நஞ்சு பானையிலேயே நிற்கும். இலைக்கஞ்சியின் பச்சைக்குள் அதன் பச்சையும் தெரியாது. சீனி போடாமலே இனிக்கும். பிள்ளைகள் இன்னொரு கோப்பை கேட்டிருப்பார்கள்.

ஒரு லீற்றர் கூலன்ற், இருபது லீற்றர் தண்ணீருக்குள். ஒரு கோப்பை கஞ்சிக்குள் எத்தனை சொட்டு? பதினைந்து கிலோப் பிள்ளைக்கு எத்தனை சொட்டு கூடுதல்? கணக்குப் பார்க்க முயன்றான். எண்கள் கையில் நிற்காமல் வழுக்கின. நாக்குத் தடித்துக் கிடந்தது. பயம் இப்படியெல்லாம் செய்யும் என்று அவன் முன்பு அறிந்திருக்கவில்லை.

முன்பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு தங்களைத் தாங்களே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தள்ளாடி வேலியில் போய்ச் சாய்ந்தான். இரண்டு பேர் விழுந்து கிடந்து சிரித்தார்கள். ஷரோமி சுற்றினாள், கால் பின்னியது, மணலில் குப்புற விழுந்தாள். எழும்பவில்லை. வெறிகாரன் மாதிரித் தள்ளாடியது என்று ஜெயரூபன் சொன்னது காதுக்குள் கேட்டது. றொமேஷ் கதவைத் திறந்து ஓடி அவளைத் தூக்கினான்.

"விடுங்கோப்பா," என்று அவள் சிணுங்கினாள். "விழுந்தா ஆடக்கூடாது. ஆடினா தோத்திடுவன்."

அவளுடைய வாயை மணந்து பார்த்தான். வல்லாரை மணத்தது. நிசாந்தினி ரீச்சர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன றொமேஷ் அண்ணை, முகமெல்லாம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"கஞ்சி குடுத்தாச்சோ?"

"ஓம். ஒன்பதரைக்கே குடுத்தாச்சு."

பதினெட்டு வீடுகளின் முகங்களும் அவனுக்கு முன்னால் வந்து நின்றன. சொல்லாமல் இருக்க ஏலாது. சொன்னால் இந்தக் கரையில் இனி நடமாட ஏலாது.

"ரீச்சர், நாங்கள் தந்த தண்ணிக்குள்ளை நஞ்சு கிடக்கு. கார் எஞ்சினுக்கு விடுறது. நான்தான் கானுக்குள்ளை விட்டனான். பிள்ளையளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். இப்பவே."

ரீச்சரின் கை வாயைப் பொத்தியது. பிறகு மெல்ல இறங்கியது.

"இண்டைக்கு வந்த தண்ணியோ?"

"ஓம்."

"அதை நான் தொடேல்லை அண்ணை. பவுசர் தண்ணி வந்த அண்டைக்கு எடுக்கிறேல்லை. குளோரின் மருந்து மணம் போக ஒரு நாள் வைச்சுத்தான் எடுக்கிறனான். இண்டையான் கஞ்சி அன்ரனிதாஸ் வீட்டுக் கானிலை காய்ச்சினது. வந்து பாருங்கோ."

குசினியில் இரண்டு கான்கள். சிவப்புக் கோடு போட்டது பாதிக்கு மேல் வெறுமையாக நின்றது. மஞ்சள் கோடு போட்டதன் வாய் வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தது, சுகந்தியின் முடிச்சு அவிழாமல். றொமேஷ் நிலத்தில் இருந்துவிட்டான். சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. ரீச்சர் ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்தார். அவனைப் பார்த்துவிட்டு, சிவப்புக் கானைக் காட்டி, "இதிலைதான் எடுத்தனான்," என்றார்.

அவன் துணியை அவிழ்த்தான். எதற்காக அவிழ்த்தான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. எதையும் மூடியைத் திறந்து மட்டம் பார்த்துப் பழகிய கை. நீர் கானின் கழுத்தில் நிற்கவில்லை. அதற்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது.

சற்றுமுன் றேடியேற்றரிலும் இரண்டு விரல்தான். அங்கே அது காற்று. இங்கே காற்று அடைபடுவதற்கு மூலைகள் இல்லை.

"ரீச்சர், இதிலை ஆர் எடுத்தது?"

"ஒருத்தரும் எடுக்கேல்லை. வரேக்கையே கட்டித்தான் வந்தது."

ஞானசவுந்தரி மாமி கான் பிடித்தால் கழுத்து முட்டப் பிடிப்பார். ஒரு துளி விடமாட்டார். அந்தக் கானின் அகலத்துக்கு இரண்டு விரல் என்றால் ஒன்றரை லீற்றர் வரும். ஆரோ ஒருவருக்கு ஒரு போத்தல் தண்ணீர் போயிருக்கிறது. ஆருக்கு? மாமிக்கா? கடலுக்குப் போகிற ஆருக்காவதா?

போன் அடித்தது. சுகந்தி.

"இஞ்சாருங்கோ, ஏழு தரம் எடுத்திருக்கிறியள். என்ன நடந்தது?"

"நேசறிக்குக் குடுத்த கானிலை தண்ணி எடுத்தனீரோ?"

"ஓம், ஏன்?"

"குடிச்சனீரோ?"

"ஒரு மிடறு. பவுசரடியிலை எல்லாரும் கையிலை ஏந்தி உப்புப் பாக்கிறதுதானே. மற்றக் கானிலை இலேசாச் சவர் அடிச்சது. இது அப்பிடியே இனிச்சுது. நல்லதைப் பிள்ளையளுக்குக் குடுப்பம் எண்டு வைச்சன்."

"மிச்சம்? ஒன்றரை லீற்றர் ஆருக்குக் குடுத்தனீர்?"

"ஆருக்குக் குடுக்கிறது. நீங்கள் வெயிலுக்கை ஓடப்போறியள் எண்டு உங்கடை போத்திலுக்குத்தான் நிரப்பினனான்."

அவன் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு வந்தான். காரின் முன் இருக்கையில் பச்சைச் சோடாப் போத்தல் சரிந்து கிடந்தது. அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

மண்கும்பானில் ஒரு தடவை நிறுத்திக் குடித்தான். கிளினிக் வாசலில் காத்திருந்தபோது குடித்தான். இன்றைக்குப் பவுசர் தண்ணீர் என்ன நல்லாயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வரும்போதும் குடித்தான். முள் நடுவிலேயே அசையாமல் நின்ற சந்தோசத்தில் தலை இலேசாக மிதப்பதாக நினைத்தான். பின்னால் இருந்த அம்பலவாணர் கேட்டது ஞாபகம் வந்தது: "என்ன தம்பி, பாட்டெல்லாம் பாடுறீர், காலமையே போட்டிட்டீரோ?" இருவரும் சிரித்தார்கள். கராச் நாயைப் பார்த்தும் முதலில் சிரித்துக்கொண்டுதான் நின்றார்களாம்.

"இருக்கிறியளோ?" என்றது போன்.

"சுகந்தி, பயப்பிடாதையும். உடனை ஆஸ்பத்திரிக்கு வாரும். நீரும் காட்டோணும்."

கார்த் திறப்பை ரீச்சரிடம் கொடுத்தான். தான் இனி ஓட்டக்கூடாது என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பிள்ளையை ஏற்றாமல் வந்ததற்கு அந்தோனியாருக்கு மனதுக்குள் நன்றி சொன்னான். அம்புலன்ஸ் வரும்வரை ஷரோமி அவன் மடியில் இருந்து, அப்பாவின் கை ஏன் ஆடுது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டொக்ரர் ஒருத்தி குறிப்பெடுத்தாள். என்ன குடித்தீர்கள் என்று கேட்டபோது அவன் கலவையைச் சொன்னான், கானின் அளவைச் சொன்னான், போத்தலின் மிச்சத்தை நீட்டினான், குடித்த நேரங்களைச் சொன்னான். கூலன்ற் மட்டும் ஐம்பது மில்லிலீற்றருக்கு மேல் உள்ளே போயிருக்கும் என்றான். அவள் பேனையை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"கணக்கோடை வந்தது நல்லது. இல்லாட்டிக் குடிவெறி எண்டு படுக்க வைச்சிருப்பம்."

"என்ன செய்யும் டொக்ரர்? ஒளிக்காமல் சொல்லுங்கோ. எனக்கு விளங்கினாத்தான் பயம் குறையும்."

அவள் கட்டில் ஓரத்தில் இருந்து சொன்னாள். அந்த இனிப்பு தன்பாட்டில் பெரிய கேடு செய்வதில்லை. ஈரல் அதை உடைக்கிறது. உடைந்து வருவதுதான் நஞ்சு. அது இரத்தத்தில் இருக்கிற கல்சியத்தைப் பிடித்துச் சின்னச் சின்னக் கற்களாகிச் சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களுக்குள் போய்ப் படியும். ஆகவே ஈரலுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். சாராயத்தில் இருக்கும் மதுசாரத்தைக் கண்டால் ஈரல் அதைத்தான் முதலில் உடைக்கும்; இது அதுவரை உடையாமல் மூத்திரத்தோடு வெளியே போய்விடும்.

"குழாய்களுக்குள்ளை வெள்ளையாப் படியுமோ?" என்று றொமேஷ் கேட்டான்.

"ஓம். அப்பிடித்தான்."

பயம் குறையவில்லை. முட்டைக்கோதுச் சில்லுகள் ஜெயரூபனின் சட்டிக்குள் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது. றேடியேற்றர் அடைத்தால் இன்னொன்று வாங்கிப் பூட்டலாம்.

மூக்கால் ஒரு குழாய், கையால் ஒரு குழாய், கீழே ஒரு குழாய். கீழ்க்குழாய் கட்டிலோரத்து மூத்திரப் பையில் போய் முடிந்தது. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாதி வந்து பையின் கோடுகளைப் பார்த்து எழுதினாள். அறுபது. ஐம்பத்தைந்து. முப்பத்தைந்து. முள்ளைப் பார்த்து ஓட்டியவன் இப்போது இந்தக் கோடுகளைப் பார்த்துக் கிடந்தான். முப்பத்தைந்துக்குப் பிறகு கண்ணை மூடப் பயந்தான். மூடினால் அடுத்த எண் சைபராக இருந்துவிடும் என்று தோன்றியது.

சுகந்தியின் இரத்தத்தில் பிழை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு இருந்தாள்.

"இன்னாசித்தம்பி அம்மான் போன் எடுத்தவர்," என்றாள். "உங்களுக்குச் சாராய மருந்து குடுக்கினமாம், அந்த வாட்டிலை இன்னொரு கட்டில் கிடக்கோ எண்டு கேட்டவர்."

அவன் சிரிக்க முயன்றான். அவள் சிரிக்கவில்லை.

"நான்தான் நிரப்பித் தந்தனான்," என்றாள்.

"நான்தான் அதுக்குள்ளை விட்டனான்."

"இனிச்சுது. இனிச்சா யோசிச்சிருக்கோணும்."

"நான் ஒரு லீற்றருக்கு மேலை குடிச்சு யோசிக்கேல்லை. விடும்."

அடுத்த தடவை தாதி நாற்பது என்று எழுதினாள். அதற்கடுத்தது ஐம்பது. புதன் மத்தியானம் டொக்ரர் இரத்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் இருங்கோ, ஆனால் போற வழியாலைதான் போகுது என்றாள். மூக்குக் குழாயைக் கழற்றினார்கள். றொமேஷ் தண்ணீர் கேட்டான்.

சுகந்தி வீட்டுப் போத்தலிலிருந்து வெள்ளைக் கோப்பையில் ஊற்றினாள். உடனே கொடுக்கவில்லை. யன்னலடிக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, அடியைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு தான் ஒரு மிடறு குடித்து, வாய்க்குள் வைத்திருந்து, விழுங்கினாள்.

"எப்பிடி?" என்றான் றொமேஷ்.

"சவர்."

அவன் கையை நீட்டி வாங்கி, நிறுத்தாமல் முழுவதையும் குடித்தான்.